துரையின் இரண்டாவது போர்டு

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? அண்ணி இருக்கும்போது நீ நலமாக இல்லாமல் எங்கே போகப்போகிறாய். இந்த முகவரியும் அண்ணி கொடுத்ததுதான், அதற்காக அவளைக் கடிக்காதே. போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகவே தபால்தலை ஒட்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். துரையை மறுபடி எழுப்ப வேண்டும்.

எந்தத் துரை என்று கேட்காதே. சிந்தசைசருக்குப் பேர் வைத்தவனே நீதான். ஸ்விட்சைப் போட்டு இருபது நிமிஷம் சூடானால்தான் வேலைக்கு வருவார், அதுவரை கொட்டாவி விடுவார் என்று அந்தப் பேர் வைத்தாய். ஆறு வருஷமாகப் படுக்கையறையில் மடித்த துணிகளைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார்.

மே இருபதாம் தேதி எங்கள் மெல்லிசைக் குழுவின் இருபத்தைந்தாம் ஆண்டுக் கச்சேரி. அதே பெரிய அரங்கம். பழைய பாட்டுகளுக்குப் பழைய சத்தமே வேண்டும் என்று குழுவை நடத்துகிற மாஸ்டர் ஒற்றைக் காலில் நிற்கிறார். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வாசித்துக் காட்டினேன். காதைப் பொத்திக்கொண்டார். "பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கும்மா. துரையைக் கொண்டு வா, முன் வரிசை உனக்கு. இல்லேன்னா வெளியூர்லேர்ந்து வாடகைக்கு எடுக்கறேன், மெஷினையும் சரி, வாசிக்கிற ஆளையும் சரி" என்றார்.

முன் வரிசை! ஆறு வருஷமாக நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். டிரம்ஸுக்குப் பின்னால், விளக்கு வெளிச்சம் படாத இடத்தில், நீளமான ஸ்வரங்களை அழுத்திக்கொண்டு. ஏன் என்றும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் அதே அரங்கத்தில், முதல் பாட்டு முடிவதற்குள் துரை மேல் ஸ்தாயியில் சுருதி சரிந்தார். ஆயிரம் பேர் சிரித்தார்கள். நீ மேடை ஓரத்தில் நின்று மாஸ்டரிடம் சொன்னாய்: "நான் சரியாத்தான் ரிப்பேர் பண்ணிக் கொடுத்தேன் சார். இவதான் மழையில திறந்த வண்டியில ஏத்திக்கிட்டு வந்தா."

ஏற்றிக்கொண்டுதான் வந்தேன். தார்ப்பாய் போட்டிருந்தேன், ஆனாலும் மழை மழைதானே. தப்பு என்னுடையது, ஒத்துக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் அதை அண்ணன்காரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இந்த ஒரு குறை மட்டும் எனக்கு ஆறவில்லை.

இப்போது துரையின் நிலைமை: விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. எப்போதாவது ஒரு கீ மட்டும் முனகுகிறது. இங்கே ஒரு கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "இதை ஏம்மா இன்னும் வெச்சிருக்கீங்க?" என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டார். இன்னொருவர் பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறாராம். அந்த மெஷினின் உள்ளும் புறமும் தெரிந்தவன் உலகத்தில் நீ ஒருவன்தான். உன்னை வரச் சொல்லவில்லை, நீ வரமாட்டாய். எழுது போதும். நானே செய்கிறேன். சிரிக்காதே.

தங்கை

மார்ச் 12

அன்பு வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு.

நான் இப்போது பழுது பார்ப்பதில்லை. கடையை மூடிவிட்டு இந்த ஊருக்கு வந்ததிலிருந்து குளிர்பதனக் கிடங்கில் வேலை. மணிக்கு ஒரு தடவை பன்னிரண்டு அறைகளின் வெப்பநிலையைப் படித்து எழுத வேண்டும். எண் ஏறினால் மணி அடிக்க வேண்டும். எண் ஏறுவதே இல்லை. ஈயம் உருகுகிற வாசனையே எனக்கு மறந்துவிட்டது. ஆகவே என்னால் முடியாது. மன்னிக்கவும்.

பக்கத்தைத் திருப்பு.

முதலில் பிளக்கைப் பிடுங்கு. ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிடுங்கு. பிடுங்கிவிட்டுப் பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். உனக்கு அது கஷ்டம், தெரியும். பவர் போர்டில் கட்டைவிரல் பருமனுக்கு இரண்டு கெபாசிட்டர்கள் இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவை கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். அவசரப்பட்டுத் தொட்டால் மாப்பிள்ளை உன்னைத் துடைப்பத்தால் கூட்டி அள்ள வேண்டியிருக்கும். பவர் இருக்கும்போது அளக்க வேண்டிய நேரம் வரும். அப்போது இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும். இதில் விளையாட்டு வேண்டாம்.

நல்ல மீட்டர் ஒன்று வாங்கு. என் தொழிலில் எனக்கு இருந்தது ஒரே விதிதான்: கண்ணை நம்பாதே, அளந்து பார். ஒயரின் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதே. ஒவ்வொரு ஒயரிலும் காகிதம் சுற்றி எண் எழுதியிருக்கிறேன். எனக்கு எண்ணைச் சொல்லு, நிறத்தைச் சொல்லாதே.

ஒன்றாம் எண்ணில் கூட்டல் பதினைந்து வோல்ட் வர வேண்டும். இரண்டாம் எண்ணில் கழித்தல் பதினைந்து. எது குறைகிறதோ அந்தப் பக்கத்துக் கெபாசிட்டரின் தலையைத் தடவிப் பார். உப்பியிருந்தால் அதுதான் ஆள். அது சரியானால் சத்தம் வரும். அதற்குப் பிறகு துரைக்கு இரண்டு குரல், குரலுக்கு ஒரு போர்டு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்து எழுது. படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

மழையைப் பற்றி எழுதியிருந்தாய். பழைய கதை. விடு.

அண்ணன்

மார்ச் 25

அன்புள்ள அண்ணா,

துரை பேசிவிட்டார்!

இரு, முறையாகச் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கினேன். பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். உன் மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு, உங்க அண்ணன் உத்தரவு" என்று உயிரை வாங்கினார். டார்ச் பிடிக்கச் சொன்னால் அவர் முகத்துக்கே வெளிச்சம் அடித்துக்கொள்கிறார். ஒன்றாம் எண்ணில் பதினைந்து, சொல்லி வைத்த மாதிரி. இரண்டாம் எண்ணில் ஒன்பதரைதான். கெபாசிட்டரின் தலையைத் தடவினேன். பூரித்த கன்னம் மாதிரி உப்பியிருந்தது. புதிது வாங்கி நானே ஈயம் உருக்கிப் பற்ற வைத்தேன். முதலில் ஒரு பழைய ரேடியோ போர்டில் நாற்பது பற்று வைத்துப் பழகினேன். முப்பத்தைந்து கேவலம், கடைசி ஐந்து பார்க்கிற மாதிரி இருந்தது. ஆடை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. விரலில் ஒரு கொப்புளம், அதை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது.

பவர் போட்டதும் அந்தக் கனத்த சத்தம், தரை அதிர்கிற மாதிரி. அண்ணா, எனக்கு எவ்வளவு கர்வமாக இருந்தது தெரியுமா! இருபது வருஷம் வாசித்திருக்கிறேன், ஒரு நாளாவது இதன் மூடியைத் திறந்ததுண்டா? நீ திறந்து வைத்திருக்கும்போது எட்டிப் பார்த்தாலே "கையை எடு வாலு" என்பாய்.

முதல் குரல் சுத்தம். இரண்டாவது குரல் நடு ஸ்தாயியில் யோக்கியமாக இருக்கிறது, மேலே போகப் போகச் சரிகிறது. அன்று மேடையில் கேட்ட அதே சரிவு. சூடு ஏற ஏற இன்னும் மோசம்.

ஒரு ஆச்சரியம். உள்ளே ஒரு பொட்டுத் துருவும் இல்லை. தண்ணீர் பட்ட கறை இல்லை. என் தார்ப்பாயை நான் குறைத்து எடை போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

உன்னிடம் ஒரு சண்டை. எட்டாம் எண் காகிதம் உதிர்ந்துவிட்டது. ஒரு சிவப்பு ஒயரும் ஒரு பச்சை ஒயரும் அனாதையாக நிற்கின்றன. எது எட்டு? உன் படத்தில் எல்லாமே பென்சில் கோடு. சிவப்பா பச்சையா என்று ஒரு வார்த்தை எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

உன் தங்கை

ஏப்ரல் 2

அன்பு வாலுக்கு,

முதல் தடவையே கெபாசிட்டர் மாற்றி, பக்கத்தில் எதையும் சுடாமல் எடுத்திருக்கிறாய். என் கடையில் வேலை கேட்டு வந்தவர்கள் பலர் ஆறு மாதத்தில் செய்யாததை நீ இரண்டே வாரத்தில் செய்திருக்கிறாய். இதை இங்கே கிடங்குக் காவலாளியிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

எட்டாம் எண்: மீட்டரைப் பீப் சத்தத்தில் வை. ஒரு முள்ளை வால்யூம் குமிழின் நடுக்காலில் வைத்து, மற்ற முள்ளால் இரண்டு ஒயரையும் தொட்டுப் பார். எது கத்துகிறதோ அதுதான் எட்டு. நிறம் எனக்கு நினைவில்லை.

இரண்டாவது போர்டைத் தொட வேண்டாம். அது சிக்கலான இடம். ஒற்றைக் குரலோடு வாசித்தால் போதும், தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மாஸ்டர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வாடகைக்கே எடுக்கட்டும். இதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தண்ணீர் காய்ந்தால் கறை தெரியாது.

அண்ணன்

ஏப்ரல் 13

அண்ணாவுக்கு,

தொட வேண்டாம் என்றாய். எந்த வயதில் நீ சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்? தொட்டேன்.

தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்று நீ எழுதினாய் பார், அதுதான் எனக்கு உறுத்தியது. ஒரு திருகாணி கோணலாக இருந்தால் தூக்கம் வராத ஆள் எழுதுகிற வரியா அது?

இரண்டு போர்டுகளையும் கழற்றி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அச்சில் வார்த்த மாதிரி ஒன்று. பத்திரிகையில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அதே மாதிரி வரிசை வரிசையாகப் பார்த்தேன். எனக்கு இரண்டு வித்தியாசம்தான் கிடைத்தது. சுருதி திருத்துகிற குட்டித் திருகு, முதல் போர்டில் நடுவில் நிற்கிறது. இரண்டாவதில் கோடி வரை ஓடி, இனி நகர இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஏன் அங்கே ஓட வேண்டும்? அதற்கு முந்தின ரெசிஸ்டரைப் பார்த்தேன். முதல் போர்டில் அதன் மேல் சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று மூன்று கோடு. அந்த நிறங்கள்தான் அதன் அளவைச் சொல்லுமாம்; புத்தகத்தைப் பார்த்தேன், இரண்டாயிரத்து இருநூறு ஓம். இரண்டாவது போர்டில் பழுப்பு, சிவப்பு, சிவப்பு. ஆயிரத்து இருநூறு. உன் விதிப்படி மீட்டரிலும் அளந்தேன். அதேதான்.

ஆயிரம் குறைகிறது. அந்தக் குறையை மூடத்தான் திருகு கோடிக்கு ஓடியிருக்கிறது. கடையில் ராத்திரி எல்லாம் சரியாக இருந்திருக்கும். மேடை விளக்குச் சூட்டில் கொஞ்சம் நகர்ந்தாலும் திருத்த இடமே இல்லை.

சரியான ரெசிஸ்டரை என் கையாலேயே போட்டேன். திருகை நடுவுக்குக் கொண்டு வந்தேன். இரண்டு குரலையும் சேர்த்து விட்டு மேலே ஏறினேன். துரை ஏறினார், ஏறினார், பிசிறே இல்லை. நாலு மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினேன். அசையவில்லை. சமையலறைக்குப் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான். கோபம் அரை மணி நேரம் கழித்து வந்தது.

மழை இல்லை அண்ணா. மழையே இல்லை.

அந்தத் தப்பான ரெசிஸ்டரை வைத்தது நீதான். உன் ஈயப்பற்று எனக்குத் தெரியும், முத்து மாதிரி உருண்டு பளபளக்கும். எதையும் அளக்காமல் வைக்காதவன் இதை எப்படி வைத்தான் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒயருக்கெல்லாம் எண். படமெல்லாம் பென்சில். எட்டாவது ஒயரின் நிறத்தைச் சொல்லாமல் ஊரைச் சுற்றி நீ எழுதிய பதில். உன் அலமாரி முழுக்க நீலச் சட்டை. என் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது, கடைக்காரர் நிறத்தைச் சொன்ன பிறகுதான் நீ "ஆமாம் ஆமாம், அருமையான நிறம்" என்பாய்.

நேராகக் கேட்கிறேன். உனக்குச் சிவப்பும் பழுப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறதா? தெரிந்தால் தெரியட்டும், அதில் என்ன கேவலம் இருக்கிறது? எனக்கு அதில் கோபமே இல்லை.

என் கோபம் வேறு. அன்று மேடை ஓரத்தில் நின்று மழை என்று சொன்னாயே, அப்போது உனக்கு உண்மை தெரியுமா? தெரியாமல் சொன்னாய் என்றால் இத்தோடு விட்டுவிடுகிறேன். தெரிந்தே சொன்னாய் என்றால், ஆறு வருஷம் நான் அந்த இருட்டில் உட்கார்ந்தது உன்னால். ஒவ்வொரு கச்சேரியிலும் மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்ததும் உன்னால்.

பதில் எழுது.

தங்கை

மே 3

அன்பு வாலுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. நாலு பதில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

தெரியும்.

உன் கடைசிக் கேள்விக்குப் பதில் அதுதான். மேல் ஸ்வரம் சரிந்த அரை நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. என் வாயில் மழைதான் வந்தது.

முதல் கேள்விக்கும் சொல்கிறேன். பதினெட்டு வயதில் ஒரு வேலைக்கு மருத்துவச் சோதனை வைத்தார்கள். புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைக் காட்டி, "என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டார்கள். எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. வீட்டில் வந்து உயரம் போதவில்லை என்று சொன்னேன். நம் வீட்டு வாசலில் குனிந்து நுழைகிறவன் நான் ஒருவன்தான். அப்பா அதையும் நம்பினார்.

பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தேன். மீட்டர் இருந்தால் எனக்குக் கண் தேவையில்லை. நிறத்தைப் பார்த்துச் செய்கிறவன் பத்தில் ஒன்றில் ஏமாறுவான், நான் எல்லாவற்றையும் அளந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் கடைக்கு வந்த மெஷின் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, உன்னுடையதைத் தவிர.

கச்சேரிக்கு முந்தின நாள் ராத்திரி துரையின் இரண்டாவது போர்டில் ஒரு ரெசிஸ்டர் கருகியிருந்தது. புதிது எடுத்து அளக்கப் போனால் மீட்டர் செத்துக் கிடந்தது. திறந்தால் பேட்டரி இருந்த இடம் காலி. யார் எடுத்தது என்று தெரியும், அதைப் பற்றி இப்போது பேச்சில்லை. கடைகள் மூடியாகிவிட்டன. எதிரில் தையல்காரர் மட்டும் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நூலின் நிறத்தைப் பார்த்தே பிழைக்கிற மனிதர். அவரிடம் போய், இது சிவப்பா பழுப்பா என்று கேட்டிருந்தால் முடிந்தது. முப்பது அடி தூரம். இருபது வருஷமாக என்னை "மெக்கானிக் சார்" என்று கூப்பிடுகிறவர் அவர். என்னால் அந்த முப்பது அடியை நடக்க முடியவில்லை. கண்ணால் பார்த்து எடுத்து வைத்தேன். திருகு கோடிக்குப் போனபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. கச்சேரி முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியை மூடினேன்.

அந்தப் போர்டைத் தொடாதே என்று உனக்கு எழுதியது வெட்கத்தில். நீ தோற்றாலும் பரவாயில்லை என்று நினைத்துத்தான் எழுதினேன். அதைவிடக் கேவலமாக நான் எதுவும் எழுதியதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு போர்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார் என்று நான் உனக்கு எங்கேயும் எழுதவில்லை. அது நீயாகக் கண்டுபிடித்த வழி. என் தப்பைக் கையும் களவுமாகப் பிடித்த கடிதத்தைப் படித்துக்கொண்டே, இந்தப் பெண் எப்படி யோசித்திருக்கிறாள் பார் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்படியும் ஒரு மனுஷனுக்கு இருக்குமா என்று கேட்காதே. இருந்தது.

உன் அண்ணியிடம் நேற்றுச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்து ரகசியம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு உட்கார வைத்துச் சொன்னேன். "கல்யாணமான பத்தாம் நாளே தெரியும். பச்சைத் தக்காளியா பார்த்துப் பார்த்துப் பொறுக்கிட்டு வந்தீங்களே" என்றாள். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

இத்துடன் மாஸ்டருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. படித்துப் பார், ஒரு வார்த்தை குறைந்திருந்தாலும் சொல்லு, சேர்த்து எழுதுகிறேன். சரியாக இருந்தால் நீயே அவரிடம் கொடு. மழை என்று சொன்னது பொய் என்றும், ஏன் சொன்னேன் என்றும், எனக்கு நிறம் தெரியாது என்றும் எழுதியிருக்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

அண்ணன்

மே 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் கச்சேரி. நேற்று இருபது பாட்டு, இரண்டே முக்கால் மணி நேரம். முன் வரிசை, வலது ஓரம், முகத்துக்கு நேராக விளக்கு. துரையை நாலு மணிக்கே எழுப்பி உட்கார வைத்துவிட்டேன். அன்று எந்தப் பாட்டில் சரிந்தாரோ அதையே மாஸ்டர் முதல் பாட்டாக வைத்திருந்தார், அந்த மனுஷனுக்கு எவ்வளவு கொழுப்பு பார். மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது எனக்குப் பழைய பயம் வந்தது. துரைக்கு வரவில்லை. அந்தக் கடைசி ஸ்வரத்தை எட்டு எண்ணும்வரை பிடிக்க வேண்டும், நான் பன்னிரண்டு பிடித்தேன். வேண்டுமென்றேதான். பாடகர் மூச்சு முட்டித் திரும்பி முறைத்தார். கைதட்டல் ஓய்ந்த பிறகு மாஸ்டர் மைக்கில், "இந்த மெஷினை வாசிச்சதும் இந்தப் பொண்ணுதான், திறந்து ரிப்பேர் பண்ணினதும் இந்தப் பொண்ணுதான்" என்றார். உன் மாப்பிள்ளை எழுந்து நின்று, டார்ச் பிடித்தது தான் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்தப் பேட்டரியை எடுத்தது நான்தான். தாளம் தட்டுகிற கருவிக்கு வேண்டியிருந்தது, கேட்காமல் எடுத்தேன், திருப்பி வைக்க மறந்தேன். அதற்காக மன்னித்துக்கொள். பார், எவ்வளவு சுலபமாக வருகிறது!

இப்போது உன் கடிதம்.

மாஸ்டருக்கு நீ எழுதியதைப் படித்தேன். ஒரு வார்த்தை குறையவில்லை. நாலு நாள் என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். துரைதான் சரியாகிவிட்டாரே, முன் வரிசைதான் கிடைத்துவிட்டதே, இனிமேல் அண்ணனை எதற்கு ஊர் வாயில் போட வேண்டும் என்று. உன் மாப்பிள்ளைகூட அதையேதான் சொன்னார். பிறகு யோசித்தேன். கிழித்தால் நான் பெரிய மனசுக்காரி ஆகிவிடுவேன், நீ பழையபடி பொய்யனாகவே இருப்பாய். முப்பது வருஷமாக மறைத்ததை நீ பேனாவை எடுத்து எழுதியிருக்கிறாய். அதைக் கிழிக்க நான் யார்? அதோடு, மழை இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. அதையும் ஒளிக்கவில்லை.

ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். "உன்னை ஆறு வருஷம் பின்னாடி உட்கார வெச்சிட்டேனேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

அப்புறம் கடிதத்தைத் தட்டிக் காட்டி, "அப்போ இத்தனை வருஷமா நம்ம குழு மெஷின் எல்லாத்தையும் இவன் நிறமே தெரியாமத்தான் சரி பண்ணினானா?" என்றார்.

"ஆமா சார்."

"ஒண்ணுகூடக் கெட்டதில்லையே!"

"ஒண்ணு கெட்டுது சார். அது என்னுது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே, யார் அவன் என்று தெரியாதவரிடம் சொல்கிற மாதிரி, "எங்க அண்ணன் சார்" என்றேன். அப்படிச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? கழுத்து தானாக நிமிர்ந்துகொண்டது, நான் நிமிர்த்தவில்லை.

அவரிடம் மூன்று மெஷின் படுத்துக் கிடக்கிறதாம். வேறு யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை, உன் அண்ணனைக் கேட்டுப் பார் என்றார். நீங்களே கேளுங்கள், எனக்கு இன்னும் அவன்மேல் கோபம் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதுவார். ஒத்துக்கொள்வதும் கொள்ளாததும் உன் இஷ்டம்.

கோபம் நிஜம்தான் அண்ணா. பாதி போயிருக்கிறது, மீதி அப்படியே இருக்கிறது. தபாலில் திட்டினால் எனக்குத் திருப்தி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. என் எதிரில் உட்கார், குறுக்கே பேசாதே. நான் முழுசாகத் திட்டி முடிக்கிறேன். முடித்த பிறகு துரையை வாசித்துக் காட்டுகிறேன்.

உன் வாலு